சபிஹா கோக்சென்: வானத்தின் மகளும் தெர்சிம் மலையின் பிள்ளைகளும்

இஸ்தான்புல் நகரத்தின் ஆசியக் கரையில் 2001ஆம் ஆண்டு ஒரு விமான நிலையம் திறக்கப்பட்டது. துருக்கிக்குச் சுற்றுலா போய்வந்த நம் குடும்பங்களில் சிலர் அங்கே இறங்கியிருக்கக் கூடும். அதன் பெயர் சபிஹா கோக்சென். போர் விமானம் ஓட்டிய உலகின் முதல் பெண் என்று கின்னஸ் புத்தகம் அங்கீகரித்திருக்கும் ஒரு முஸ்லிம் நாட்டுப் பெண்மணியின் பெயர் அது.

"முஸ்லிம் பெண் 1937லேயே போர் விமானம் ஓட்டினார்" என்ற வாசகத்தோடு அவரது புகைப்படம் சமூக ஊடகங்களில் அவ்வப்போது சுற்றி வருகிறது. நம் சகோதரிகளும் அதைப் பெருமையோடு பகிர்கிறார்கள். பெண்களை அடைத்து வைக்கும் சமுதாயம் என்று நம்மைக் குறை சொல்பவர்களுக்கு இது நல்ல பதில் என்று நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படத்தோடு யாரும் சேர்த்துப் பகிராத ஒரு கேள்வி இருக்கிறது. அவர் ஓட்டிய விமானத்திலிருந்து குண்டு விழுந்தது யார் மீது?

இந்தக் கேள்வி துருக்கியில் இன்று மீண்டும் உயிர் பெற்றிருக்கிறது. 1984இலிருந்து துருக்கி அரசோடு ஆயுதம் ஏந்திப் போராடிவந்த குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி, தன்னைக் கலைத்துக்கொள்வதாக 2025 மே மாதம் அறிவித்தது. ஜூலையில் இராக்கின் சுலைமானியா அருகே அதன் போராளிகள் சிலர் தங்கள் துப்பாக்கிகளைத் தீயிலிட்டார்கள். ஆகஸ்டில் துருக்கி நாடாளுமன்றத்தில் பல கட்சிகள் அடங்கிய குழு ஒன்று பணியைத் தொடங்கியது. 40,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த ஒரு மோதலுக்கு முடிவு வரலாம் என்ற நம்பிக்கை பிறந்திருக்கிறது. துப்பாக்கியை எரிப்பது ஒரு நாள் வேலை. பழைய காயங்களை ஒப்புக்கொள்வது அப்படியல்ல. அந்தக் காயங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்றோடு சபிஹா கோக்செனின் வாழ்க்கை பின்னிக் கிடக்கிறது.

புர்சாவின் அநாதைச் சிறுமி

அதிகாரபூர்வ வரலாற்றின்படி சபிஹா 1913 மார்ச் 22 அன்று புர்சா நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். 1925இல் முஸ்தபா கமால் புர்சாவுக்கு வந்தபோது, 12 வயதுச் சிறுமியான சபிஹா அவரை நெருங்கிப் பேசி, தான் விடுதிப் பள்ளியில் சேர்ந்து படிக்க விரும்புவதாகச் சொன்னார். சிறுமியின் துணிச்சல் பிடித்துப்போய் கமால் அவரைத் தத்தெடுத்து அங்காராவுக்கு அழைத்துச் சென்றார்.

அது என்ன காலம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு, 1924 மார்ச் 3 அன்றுதான் கிலாஃபத் ஒழிக்கப்பட்டது. அதைக் காக்க வேண்டும் என்று தமிழகம் உட்பட இந்தியா முழுவதும் நம் முன்னோர்கள் கிலாஃபத் இயக்கம் நடத்திக் கொண்டிருந்தார்கள். அதே கமால்தான் கிலாஃபத்தையும் ஒழித்து, மத்ரஸாக்களையும் மூடி, 1925இல் ஆண்கள் தொப்பி அணிவதற்குக்கூடச் சட்டம் போட்டார். 1932இல் பாங்கு துருக்கி மொழியில் சொல்லப்பட வேண்டும் என்றாக்கினார். 1950 வரை அந்த நாட்டின் மினாராக்களில் அரபியில் பாங்கு ஒலிக்கவில்லை.

இந்தப் புதிய துருக்கியை உலகுக்குக் காட்ட ஒரு முகம் தேவைப்பட்டது. அது பெண்ணின் முகமாக இருந்தால் இன்னும் நல்லது என்று ஆட்சியாளர்கள் கருதினார்கள். கமால் தத்தெடுத்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பெண்கள். ஒருவர் வரலாற்றாசிரியர் ஆனார். சபிஹா விமானி ஆனார்.

ஒருத்திக்கு மட்டும் திறந்த கதவு

1934இல் குடும்பப் பெயர்ச் சட்டம் வந்தபோது சபிஹாவுக்கு கமால் சூட்டிய பெயர் கோக்சென். துருக்கி மொழியில் 'கோக்' என்றால் வானம். அப்போது அவர் விமானம் ஓட்டத் தொடங்கியிருக்கவில்லை. 1935 மே மாதம் 'துருக்கிப் பறவை' என்று பொருள்படும் துர்க்குஷு விமானப் பள்ளியின் திறப்பு விழாவில், இயந்திரமில்லாத கிளைடர் விமானங்களையும் பாராசூட் வீரர்களையும் பார்த்து அவருக்கு ஆர்வம் வந்தது. பள்ளியின் முதல் மாணவியானார். மேற்பயிற்சிக்காக ஆண் மாணவர்களோடு சோவியத் நாட்டின் கிரிமியாவுக்கு அனுப்பப்பட்டார்.

1936இல் எஸ்கிஷெஹிர் நகரிலுள்ள ராணுவ விமானப் பள்ளியில் சேர்ந்தார். அப்போது துருக்கியின் ராணுவக் கல்லூரிகளில் பெண்களுக்கு இடம் கிடையாது. கமாலின் உத்தரவின் பேரில் அவருக்கென்று தனிச் சீருடை தைக்கப்பட்டது. தனிப் பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. பிரான்சில் தயாரான பிரெகே 19 குண்டுவீச்சு விமானத்தையும், அமெரிக்காவின் கர்டிஸ் ஹாக் சண்டை விமானத்தையும் ஓட்டப் பழகினார்.

அவரது திறமையையும் உழைப்பையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் துருக்கிப் பெண்களுக்கெல்லாம் ராணுவத்தின் கதவு திறந்துவிட்டது என்று அன்று உலகம் முழுக்கச் செய்யப்பட்ட பிரசாரம் உண்மையல்ல. கதவு ஒருத்திக்காகத் திறந்தது, அவர் உள்ளே போனதும் மூடிக்கொண்டது. 1938இல் கமால் இறந்த பின் சபிஹாவும் ராணுவத்தில் நீடிக்கவில்லை. துர்க்குஷு பள்ளியில் பயிற்சியாளராக 1950களின் நடுப்பகுதி வரை பணியாற்றினார்.

தெர்சிம், 1937

கிழக்குத் துருக்கியில் முன்சூர் மலைகளுக்கு நடுவே இருக்கிறது தெர்சிம். எளிதில் போய்ச் சேர முடியாத பள்ளத்தாக்குகள். அங்கே வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் அலவி நம்பிக்கை கொண்ட குர்து, ஸாஸா மக்கள். வரி கட்டுவதிலும் ராணுவத்துக்கு ஆள் அனுப்புவதிலும் அங்காராவோடு அவர்களுக்கு நெடுநாள் உரசல் இருந்தது. 1935 டிசம்பரில் அரசு ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஊரின் பெயர் துன்ஜெலி என்று மாற்றப்பட்டது. மரண தண்டனையை உறுதி செய்யும் அதிகாரம் வரை கையில் வைத்திருந்த ராணுவ ஆளுநர் நியமிக்கப்பட்டார். சாலைகளும் ராணுவ முகாம்களும் முளைத்தன. 1937இல் மோதல் வெடித்தது. அரசு தரைப்படையோடு விமானப்படையையும் அனுப்பியது.

சபிஹா தானும் போக வேண்டும் என்று அனுமதி கேட்டார். எதிரிகளிடம் சிக்கிக்கொண்டால் தன் மானத்தைக் காத்துக்கொள்ள கமால் தன் கைத்துப்பாக்கியையே அவரிடம் கொடுத்து அனுப்பியதாகத் தன் நினைவு நூலில் அவர் எழுதியிருக்கிறார். பெண்ணைப் போர்க்களத்துக்கு அனுப்பிய 'முற்போக்கு' அரசும், மானம் போவதைவிட உயிர் போகட்டும் என்றுதான் அவரை வழியனுப்பியது.

தப்பி ஓடிக்கொண்டிருந்த சுமார் 50 பேர் அடங்கிய ஒரு கூட்டத்தின் மீது அவர் வீசிய 50 கிலோ எடைக் குண்டு பெரும் சேதத்தை விளைவித்தது என்று ராணுவத் தலைமையின் அறிக்கை பாராட்டியது. அவர்களைக் கொள்ளையர்கள் என்று அந்த அறிக்கை குறிப்பிட்டது. பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு பத்திரிகைப் பேட்டியில் சபிஹாவே அந்த நாட்களை நினைவுகூர்ந்தார். கண்ணில் படும் உயிர்கள் அனைத்தையும் சுடும்படி தங்களுக்கு உத்தரவு இருந்ததாகவும், கிளர்ச்சியாளர்களுக்கு உணவாகும் ஆடுகளைக்கூட விட்டுவைக்கவில்லை என்றும் அதில் சொன்னார்.

அவருக்குத் துருக்கி விமானக் கழகம் கற்கள் பதித்த உயர் பதக்கத்தை அணிவித்தது. தெர்சிமின் தலைவர் சையித் ரிஸா அதே ஆண்டு நவம்பரில் எலாஸி நகரில், தன் மகனோடும் மற்றவர்களோடும் தூக்கிலிடப்பட்டார். உடல்கள் எங்கே புதைக்கப்பட்டன என்பது குடும்பத்தாருக்குச் சொல்லப்படவில்லை. ஒரு கப்ரைக் காட்டுங்கள் என்ற கோரிக்கையை அவருடைய சந்ததியினர் இன்றுவரை எழுப்பி வருகிறார்கள். 1938இல் ராணுவ நடவடிக்கை இன்னும் கொடூரமாகத் தொடர்ந்தது. ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் மேற்குத் துருக்கிக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

பெற்றோரை இழந்த தெர்சிம் சிறுமிகள் பலர் ராணுவ அதிகாரிகளின் வீடுகளுக்குக் கொடுக்கப்பட்டார்கள். அவர்களுக்குப் புதிய பெயர் வைக்கப்பட்டது. தாய்மொழி மறந்தது. 'தெர்சிமின் காணாமல் போன சிறுமிகள்' என்று அவர்களைத் துருக்கியில் இன்று அழைக்கிறார்கள். முதுமையில் தங்கள் சொந்த ஊரையும் உடன்பிறந்தோரையும் தேடி அலைந்த பாட்டிமார்களின் கதைகள் ஆவணப்படங்களாக வந்திருக்கின்றன. ஒரு அநாதைச் சிறுமியை அரசு வானத்தின் மகளாக வளர்த்தது. அவர் பங்கேற்ற போரில் எத்தனையோ சிறுமிகள் அநாதைகளானார்கள்.

முக்காட்டுக்கு மூடிய கதவு

சபிஹாவின் படத்தைப் பெண் விடுதலையின் அடையாளமாகத் துருக்கி அரசு பள்ளிப் பாடங்களில் அச்சிட்டுவந்த அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1997 பிப்ரவரியில் ராணுவம் அரசியலில் தலையிட்ட பிறகு, முக்காடு அணிந்த மாணவிகள் பல்கலைக்கழக வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டார்கள். படிப்பைப் பாதியில் விட்டவர்கள் உண்டு. வெளிநாடு போய்ப் படித்தவர்கள் உண்டு. 1999 மே 2 அன்று, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மெர்வே கவாக்சி முக்காட்டோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தபோது, உறுப்பினர்கள் கூச்சலிட்டு அவரைப் பதவியேற்க விடாமல் வெளியேற்றினார்கள். அவரது குடியுரிமையும் பறிக்கப்பட்டது.

அரசு அலுவலகங்களில் முக்காட்டுத் தடை 2013இல்தான் நீங்கியது. ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு முக்காடு அனுமதிக்கப்பட்டது 2017இல். அதாவது, ஒரு பெண் குண்டுவீச்சு விமானத்தின் இருக்கையில் அமரலாம் என்று 1937இல் ஏற்றுக்கொண்ட அரசுக்கு, முக்காடு அணிந்த ஒரு பெண் அலுவலக நாற்காலியில் அமரலாம் என்று ஏற்றுக்கொள்ள மேலும் 76 ஆண்டுகள் பிடித்தன. முக்காடு போட்டதற்காக வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட கர்நாடக மாணவிகளை 2022இல் கண்ட நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஒரு செய்தியும் ஒரு கொலையும்

2004 பிப்ரவரியில் இஸ்தான்புல்லில் வெளியாகும் ஆர்மீனியப் பத்திரிகையான அகோஸ் ஒரு செய்தியை வெளியிட்டது. சபிஹா கோக்சென் உண்மையில் 1915 படுகொலைகளில் பெற்றோரை இழந்த ஆர்மீனியச் சிறுமி, அநாதை இல்லத்திலிருந்து தத்தெடுக்கப்பட்டவர் என்று அவருடைய உறவினர் எனச் சொல்லிக்கொண்ட ஒருவர் கூறியதை அது பதிவு செய்தது. சபிஹா அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, தன் 88ஆவது பிறந்த நாளில் இறந்துவிட்டார். அவரோடு வளர்ந்தவர்கள் இதை மறுத்தார்கள். எது உண்மை என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

ஆனால் அந்தச் செய்திக்குக் கிடைத்த எதிர்வினையில் ஐயத்துக்கு இடமில்லை. இப்படிப்பட்ட தேசிய அடையாளத்தை விவாதப் பொருளாக்குவது நாட்டு ஒற்றுமைக்கு எதிரானது என்று ராணுவத் தலைமை அறிக்கை விட்டது. பத்திரிகையின் ஆசிரியர் ஹ்ராந்த் டிங்க் குறிவைக்கப்பட்டார். துருக்கியத் தன்மையை அவமதித்தார் என்று அவர் மீது வேறொரு கட்டுரைக்காக வழக்கு வந்தது. மிரட்டல்கள் குவிந்தன. 2007 ஜனவரி 19 அன்று, அலுவலக வாசலில் 17 வயது இளைஞன் ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். அவரது உயிரைக் காக்க அரசு தவறிவிட்டது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது.

ஒரு அநாதைப் பெண்ணின் பெற்றோர் யார் என்று கேட்டதற்கு இவ்வளவு விலை. அடையாளச் சின்னங்களாக்கப்படும் மனிதர்களுக்குச் சொந்தக் கதைகூட மிஞ்சுவதில்லை.

மன்னிப்பும் அதற்குப் பின் 35 நாட்களும்

2011 நவம்பர் 23 அன்று அப்போதைய பிரதமர் எர்டோகன் தெர்சிமுக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். கொல்லப்பட்டவர்கள் 13,800க்கும் மேற்பட்டோர் என்று அரசு ஆவணங்களை வாசித்துக் காட்டினார். சமீப வரலாற்றின் பெரும் சோகங்களில் ஒன்று என்றார். துருக்கித் தலைவர் ஒருவர் இப்படிப் பேசியது அதுவே முதல்முறை. அதை நாம் பாராட்டத்தான் வேண்டும். அதில் அரசியல் கணக்கும் இருந்தது. 1937இல் ஆண்டது கமாலின் குடியரசு மக்கள் கட்சி. 2011இல் அக்கட்சிக்குத் தலைவராக இருந்த கிலிச்தாரோலு, தெர்சிமில் பிறந்த அலவி. மன்னிப்பு அவரை நோக்கி எறியப்பட்ட அம்பாகவும் இருந்தது.

சரியாக 35 நாட்கள் கழித்து, டிசம்பர் 28 இரவு, இராக் எல்லையில் ரொபோஸ்கி கிராமத்துக்கு அருகே துருக்கியின் எஃப்-16 விமானங்கள் குண்டு வீசின. கழுதைகளில் டீசலும் சிகரெட்டும் கடத்திப் பிழைத்துவந்த 34 குர்து கிராமவாசிகள் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் சிறுவர்கள். தீவிரவாதிகள் என்று நினைத்துவிட்டோம் என்றது ராணுவம். அதற்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

குர்துகள் யாரோ அந்நியர்கள் அல்லர். அவர்களில் பெரும்பாலோர் காயல்பட்டினத்தையும் கீழக்கரையையும் போல ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். பைத்துல் முகத்தஸை மீட்ட சலாஹுத்தீன் அய்யூபி குர்து இனத்தவர்தான். காஸாவில் குண்டு விழும்போது நம் வீடுகளில் எழும் கண்ணீரும் துஆவும் ரொபோஸ்கிக்கு எழவில்லை. அந்தச் செய்தி நம்மில் பலரை வந்தடையவே இல்லை. குண்டு வீசியது நாம் நேசிக்கும் ஒரு நாடு என்பது அதற்குக் காரணமா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மார்க்கத்தின் அளவுகோல்

பெண் போர்க்களத்தில் நிற்பது இஸ்லாமிய வரலாற்றுக்குப் புதிதல்ல. உஹத் களத்தில் நபி (ஸல்) அவர்களைச் சுற்றி நின்று காத்தவர்களில் உம்மு உமாரா என்ற நுஸைபா (ரலி) அவர்களும் ஒருவர். வாள் வெட்டுகளைத் தன் உடலில் தாங்கியவர் அவர். இரண்டாம் உலகப் போரில் சோவியத் பெண்கள் மட்டுமே கொண்ட இரவு குண்டுவீச்சுப் படையில், மகுபா சிர்த்லானோவா என்ற தாதார் இனப் பெண் இருந்தார். நாட்டுக்குள் புகுந்துவிட்ட ஹிட்லரின் படைக்கு எதிராக, மரப்பலகையாலும் துணியாலும் ஆன சிறு விமானத்தில் 780 முறை பறந்தார். அவரும் விமானி, சபிஹாவும் விமானி. ஆக்கிரமித்து வந்த படையை எதிர்த்துப் பறப்பதும், சொந்த நாட்டின் மலைக் கிராமங்கள் மீது பறப்பதும் ஒன்றாகுமா?

ஒரு போரில் பெண் ஒருவர் கொல்லப்பட்டுக் கிடந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதைத் தடை செய்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளது. சிரியாவுக்குப் படை அனுப்பிய அபூபக்ர் (ரலி) அவர்கள், முதியோரைக் கொல்லாதீர்கள், கனி தரும் மரங்களை வெட்டாதீர்கள், உண்பதற்காக அன்றி ஆட்டையோ ஒட்டகத்தையோ அறுக்காதீர்கள் என்ற பொருளில் அறிவுரை சொல்லி அனுப்பினார்கள். ஆட்டுக்குக்கூட உயிர்ப் பாதுகாப்பு தந்த அந்தக் கட்டளையை, ஆடுகளையும் சுட்டோம் என்ற 1937ஆம் ஆண்டின் நினைவோடு சேர்த்துப் பாருங்கள்.

அலவிகள் கொள்கையில் நம்மிலிருந்து வேறுபட்டவர்கள். அது அவர்களுக்கான நீதியைக் குறைப்பதில்லை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் தரும் கட்டளை. நமக்கோ நம் பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் தரும் கட்டளை. இந்த இரண்டு அளவுகோல்களும் கமாலுக்கும் பொருந்தும், எர்டோகனுக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.

பெயர்ப் பலகைக்கு அப்பால்

துருக்கியின் இன்றைய சமாதான முயற்சி வெற்றி பெற வேண்டும் என்று நாம் துஆ செய்வோம். அது நிலைக்க ஆயுத ஒப்படைப்பு மட்டும் போதாது. சையித் ரிஸாவின் கப்ர் எங்கே என்று சொல்லப்பட வேண்டும். தெர்சிம் ஆவணங்கள் முழுமையாகத் திறக்கப்பட வேண்டும். ரொபோஸ்கியின் தாய்மார்களுக்கு ஒரு நீதிமன்றம் பதில் சொல்ல வேண்டும். விமான நிலையத்தின் பெயரை மாற்றுவதா வேண்டாமா என்பதைத் துருக்கி மக்கள் முடிவு செய்துகொள்ளட்டும். அந்தப் பெயர் எழுதப்பட்ட இடத்தில் தெர்சிமின் கதையும் எழுதப்படுமா என்பதே முக்கியம்.

சபிஹா கோக்செனை அரக்கியாக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. 12 வயதில் படிக்க ஆசைப்பட்ட ஒரு அநாதைச் சிறுமி அவர். அவர் கேட்ட கல்வி கிடைத்தது. அதனுடன் அவர் கேட்காத சுமையும் வந்தது. 24 வயதில் அவர் செய்ததற்கு அல்லாஹ்விடம் அவர் பதில் சொல்வார். அனுப்பியவர்களும் சொல்வார்கள்.

நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் விமானியாக ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். படிக்க வையுங்கள், பறக்கட்டும். சபிஹாவின் படத்தை அவர்களுக்குக் காட்டும் நாளில் தெர்சிமின் சிறுமிகளைப் பற்றியும் சொல்லுங்கள். மேலே பறப்பவரின் பெயர் வரலாற்றில் நிற்கும். கீழே ஓடியவர்களின் பெயர்களை நினைவில் வைக்கும் பொறுப்பு நம்முடையது. நீதியின் பக்கம் நிற்கும் மனத்துணிவை அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தருவானாக!